ஒத்தை ஓட்டம் லிபோரியோ

ரொக்காவெந்தா என்ற மலையூரில் ஒவ்வொருவனுக்கும் இரண்டு பெயர். ஒன்றைப் பாதிரியார் தண்ணீர் ஊற்றி வைப்பார். இன்னொன்றைத் தெரு வைக்கும். தெரு வைத்ததுதான் நிற்கும். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் லிபோரியோவுக்குத் தெரு வைத்த பெயர் ‘ஒத்தை ஓட்டம்’.

அந்த மலைப் பக்கத்தில் ஓடிப்போவது புதிதில்லை. வீட்டில் சம்மதம் கிடைக்காத ஜோடிகள் ஒரு சாயங்காலம் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். மறுநாள் திரும்பி வந்தால், திட்டிக்கொண்டே கல்யாணத்தை நடத்திவைப்பார்கள். லிபோரியோவும் ஓடினான். ஆனால் பெண்ணை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, தான் மட்டும் ஓடினான். ஒரு தடவை என்றால் ஊர் மறந்திருக்கும். அந்த வசந்தத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓடினான்.

“ரெண்டு பேர் ஓடினாத்தான்டா அதுக்கு அர்த்தம்” என்பான் நுன்சியோ, சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே. “நீ ஓடுறது தேகப்பயிற்சி.”

நுன்சியோ ஊரின் நாவிதன், ஊர் பேண்டில் கிளாரினெட். லிபோரியோ அதே பேண்டில் ட்யூபா. தோளைச் சுற்றி வளைந்து, வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும் அந்தப் பித்தளை யானையைத் தூக்க லிபோரியோ மாதிரி ஓர் ஆள் வேண்டும். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தோள். அந்த உடம்பு முழுக்கப் பொறுமை. பேருந்தில் பிள்ளைகள் அவன் தலைமுடியில் சூயிங்கம் ஒட்டினால் இறங்கும்போது கத்தரித்துக்கொள்வான். பக்கத்து வீட்டுச் சேவல் விடிவதற்கு வெகுமுன்பே கூவினால், “அதுக்கும் தூக்கம் வரலை போல” என்பான். சண்டைக்காரர்கள் அவன் பேருந்தில் ஏறினால் இறங்கும்போது சலித்துப்போய்ச் சமாதானமாகிவிடுவார்கள். அவனை வைத்துக்கொண்டு சண்டை போடவே முடியாது.

அப்படிப்பட்டவனை ஓடவைத்தவள் அக்ரிப்பீனா.

இடையன் ஜெசுவால்தோவின் தங்கை அவள். ஆடுகள் அண்ணனுடையவை, கொப்பரை அவளுடையது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரில் பாதிப்பேர் காய்ந்த ரொட்டியும் கையுமாக அவர்கள் பட்டிக்கு ஏறுவார்கள். பாலாடைக்கட்டியை எடுத்தபின் மிஞ்சிய தெளிநீரை அவள் மறுபடி அடுப்பில் ஏற்றுவாள். சூடு ஏற ஏற அடியிலிருந்து வெண்மேகங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். வானம் வழிதவறிக் கொப்பரைக்குள் இறங்கிவிட்டது போல இருக்கும். அதுதான் ரிக்கோத்தா. அதைத் தெளிநீரோடு சேர்த்து அள்ளி, ரொட்டி பிய்த்துப் போட்ட கிண்ணத்தில் ஊற்றுவாள். ஆவி அவள் இமைகளில் படிந்து சின்னச் சின்ன மணிகளாக நிற்கும். லிபோரியோ அந்த மணிகளைத்தான் சாப்பிட வருவான். கிண்ணத்தில் இருப்பது தானாக உள்ளே போய்விடும்.

சாப்பிட்டு, கும்பல் கலையக் காத்திருந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான்.

“அக்ரிப்பீனா, ஒரு விஷயம்...”

“சொல்லுங்க.”

“அது வந்து...”

அப்போதுதான் உள்ளே தொடங்கும். முதலில் ஒரு குமிழ். பிறகு யாரோ மாடியில் மேசை நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். பிறகு அந்த மேசையே படிக்கட்டில் உருண்டு வரும்.

“இடி இடிக்குதா?” என்று அவள் அண்ணாந்து பார்ப்பாள். வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கும்.

“அப்புறம் வர்றேன்” என்று சொல்லும்போதே லிபோரியோ பாதி தூரம் போயிருப்பான். சப்பாத்திக்கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் அவன் தொப்பி மட்டும் கொஞ்ச நேரம் தெரியும். அப்புறம் அதுவும் தெரியாது.

அவனுக்கு அதில் வருத்தம் இருந்ததே தவிரச் சந்தேகம் இல்லை. இது காதல். காதல் வந்தால் வயிறு கலங்கும் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். தன்னுடையது பெரிய உடம்பு, ஆகவே பெரிய கலக்கம். வாரநாட்களில் அவளை நினைத்தால் வயிறு கலங்குவதில்லையே என்று ஒருநாள் கேட்டுக்கொண்டான். நேரில் பார்த்தால்தானே கலங்கும் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டான். ஒரு வாரம் பேண்டு ஒத்திகையை ஞாயிறு பட்டிக்குப் போய் வந்த கையோடு வைத்திருந்தார்கள்.

“ட்யூபா!” என்று பேண்டை நடத்தும் மேஸ்த்ரோ கோலால் மேசையைத் தட்டினார். “அந்த இடத்துல உனக்கு மௌனம் போட்டிருக்கு. ஏன் ஊதுறே?”

“நான் ஊதலை மேஸ்த்ரோ.”

“பின்ன யாரு?”

“அவனோட கீழ்வீட்டுக்காரன்” என்றான் நுன்சியோ.

மேஸ்த்ரோ காதைச் சாய்த்துக் கேட்டார். “ஸ்வரம் சுத்தமாத்தான் இருக்கு. தாளம்தான் தப்பு.”

காதல் இப்படி ஊரறிய முழங்குவது லிபோரியோவுக்கு வெட்கமாகவும், சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆனால் மே மாதம் நெருங்கும்போது ஜெசுவால்தோ பேருந்தை நடுச்சாலையில் மறித்து ஏறினான்.

“இங்க பாரு, சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. பள்ளத்தாக்குல தீவன வியாபாரம் பண்றவரு என் தங்கச்சியைக் கேக்குறாரு. ஞாயித்துக்கிழமை வந்தா மூணு கிண்ணம் சாப்பிட்டுட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. நீ ஒரு கிண்ணத்துக்கே காணாமப் போயிடுறே.”

“எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்னுதான்...”

“சொல்லவே மாட்டேங்குறியாமே! ‘சாப்பிடுறப்ப இருக்காரு, பேசுறப்ப காணோம்’னு அவ சொல்றா. புனித இசிதோர் திருவிழா அன்னிக்கு, ஊர்வலம் போன சுரூபம் கோயிலுக்குத் திரும்பினதும் அந்த வியாபாரிக்கு நான் வார்த்தை குடுக்கணும். அதுக்குள்ள உன் காலைக் கொஞ்சம் கட்டிப்போடு.”

லிபோரியோ காலைக் கட்டுவதற்கு முன் வயிற்றைக் கட்டலாம் என்று மருந்துக்கடைக்குப் போனான். கடைக்காரர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, “ரெண்டு நாள் வெள்ளையா சாப்பிடு” என்றார். வெள்ளைச் சாப்பாடு என்றால் அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும்: குழம்பு, சாறு எதுவும் கலக்காத வெறும் சோறு, மேலே ஒரு சொட்டு எண்ணெய். ஆனால் செய்தி மருந்துக்கடையிலிருந்து சவரக்கடைக்கும், சவரக்கடையிலிருந்து மலைமேல் பட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை ஜெசுவால்தோ ஒரு வாளியோடு வந்து நின்றான். வாளி நிறைய ரிக்கோத்தா, மேலே தளதளவென்று தெளிநீர்.

“வெள்ளையாச் சாப்பிடச் சொன்னாங்களாமே? உலகத்துல இதைவிட வெள்ளையா ஒண்ணைக் காட்டு பாப்போம். அவளே உனக்குன்னு எடுத்து வச்சா.”

வெள்ளையாக இருந்தது. அவள் எடுத்து வைத்தது. அவனுக்கென்று எடுத்து வைத்தது. இவற்றில் ஒன்று போதாதா? லிபோரியோ வாளியின் அடியைப் பார்த்தபின்தான் நிமிர்ந்தான்.

அன்று பிற்பகல் பள்ளிக்கூடப் பேருந்து கோதுமை வயல்களுக்கு நடுவில், நிறுத்தமே இல்லாத இடத்தில், நெடுநேரம் நின்றது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஓட்டுநர் பயிருக்குள்ளிருந்து வெளுத்த முகத்தோடு எழுந்து வந்தபோது எல்லோருமாகக் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் அவனை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது.

அங்கிருந்த டாக்டரம்மா சிறிய உருவம், பெரிய கண்ணாடி. அவன் கதையைப் பாதி கேட்டதுமே சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெறும் வயிற்றில் இன்னொரு நாள் வரச் சொன்னாள். வந்தவனிடம் முதலில் ஒரு பையில் ஊதச் சொன்னாள். லிபோரியோ நெஞ்சை விரித்து, கண்ணை மூடி, ஊர்வலத்துக்கு ஊதுவது போல ஊதினான். பையின் மூடி தெறித்துப் போய் ஜன்னலில் மோதியது.

“ஐயோ, மெதுவா! நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“பஸ் ஓட்டுறேன் டாக்டரம்மா. திருவிழான்னா ட்யூபா.”

“அப்ப பியானிஸ்ஸிமோ. தாலாட்டு வாசிக்கிற மாதிரி.”

தாலாட்டு போல ஊதினான். பிறகு ஒரு கண்ணாடிக் கோப்பை நிறைய இனிப்பாக ஏதோ குடிக்கக் கொடுத்தாள். அரைமணிக்கு ஒருதரம் புதுப்பை, புதுத் தாலாட்டு. இரண்டாம் பைக்கும் மூன்றாம் பைக்கும் நடுவில் மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். லிபோரியோ திடுக்கிட்டு நிமிர்ந்தான். மேசையும் நகர்ந்தது. வயிறு மிருதங்கம் போல இறுகியது.

அக்ரிப்பீனா இங்கே இல்லை. பட்டி இல்லை, ஆவி இல்லை, இமையில் மணிகள் இல்லை. எதிரே டாக்டரம்மா மட்டும்தான். அவன் முகம் சிவந்து, “டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க” என்றான். “நான் வேற ஒருத்தரை மனசுல வச்சிருக்கேன்.”

“என்ன?”

“இது காதல்னா வர்றது. உங்களைப் பாத்து ஏன் வருதுன்னு தெரியலை.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. முதலில் அவனை நடைக்கோடியில் இருந்த கதவுக்கு அனுப்பினாள். அவன் திரும்பி வந்ததும் உட்காரவைத்தாள்.

“நீங்க குடிச்சது பால்ல இருக்கிற சர்க்கரை. லாக்டோஸ். ரெண்டு சின்னச் சர்க்கரை கையைக் கோத்துக்கிட்டு நிக்குற மாதிரி அது இருக்கும். அந்த ஜோடியைப் பிரிச்சாத்தான் சிறுகுடலால உறிஞ்ச முடியும். பிரிக்கிறதுக்குக் கத்திரி மாதிரி ஒரு நொதி இருக்கு. பால்குடிக்கிற வயசுல அது எல்லாருக்கும் நிறைய சுரக்கும். வளர வளர நிறையப் பேருக்குக் குறைஞ்சிடும். உங்களுக்குக் குறைஞ்சுபோச்சு.”

“ஜோடியைப் பிரிக்கிறது பாவம் இல்லையா?” என்றான் லிபோரியோ.

“பிரிக்கலைன்னா நீங்க தனியா ஓடணும்.”

இவளுக்கு எப்படித் தெரு வைத்த பெயர் தெரிந்தது என்று அவன் வியந்தான்.

“பிரியாத சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிடும். அங்க கோடி கோடியா நுண்ணுயிருங்க காத்துக்கிட்டு இருக்கு. அதுகளுக்கு இது திருவிழாச் சாப்பாடு. தின்னு, புளிக்கவச்சு, வாயுவா விடும். வயிறு உப்பும், உறுமும், முறுக்கும். சர்க்கரை போற வழியில தண்ணியையும் குடலுக்குள்ள இழுத்துக்கும். அதான் பேதி. அந்த வாயுல ஹைட்ரஜன் இருக்கு. கொஞ்சம் ரத்தத்துல கலந்து மூச்சுல வெளிய வரும். அதைத்தான் பையில பிடிச்சோம். கருவி என்ன சொல்லுது தெரியுமா? முள்ளு மேல ஏறி உக்காந்துக்கிச்சு.”

“ஆனா சீஸ் தின்னா எனக்கு ஒண்ணும் ஆகாதே? எங்க வீட்டுல வருஷக்கணக்கா முத்தினது இருக்கும்.”

“ஆகாது. சர்க்கரையில முக்காவாசி தெளிநீரோட வடிஞ்சிடும். மிச்சத்தை முத்துறப்ப நுண்ணுயிருங்க தின்னு தீத்துடும். நீங்க ஞாயித்துக்கிழமை குடிக்கிறது அந்த வடிஞ்ச தெளிநீரை. கிட்டத்தட்ட பாலையே குடிக்கிற மாதிரி. இது ஆபத்தான வியாதி இல்ல. உங்க வயித்துக்குச் சகிப்புத்தன்மை இல்ல, அவ்வளவுதான்.”

“எனக்கா?” என்று லிபோரியோ எழுந்துவிட்டான். வாழ்க்கையில் முதல்தடவையாக அவனுக்கு ரோஷம் வந்தது. “எனக்கா சகிப்புத்தன்மை இல்ல? எங்க ஊருக்கு வந்து கேளுங்க! அந்தச் சேவலைக் கேளுங்க!”

“உங்களைச் சொல்லலைங்க. உங்க வயிறு பால் சர்க்கரையைச் சகிக்காது.”

அவன் மெல்ல உட்கார்ந்தான். அவமானம் போய்விட்டது. அதன் இடத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது.

“அப்ப... இது காதல் இல்லையா?”

“அதுக்கு எங்ககிட்டப் பை இல்ல” என்றாள் டாக்டரம்மா.

ஊருக்குத் திரும்பும் வழி முழுக்க, வளைவுக்கு வளைவு அந்தக் கேள்வியும் கூட வந்தது. இத்தனை ஞாயிறும் தனக்குள் முழங்கியது வெறும் சர்க்கரையா? அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஏதாவது இருக்குமா? பட்டிக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இடையன் வீட்டில் கிண்ணத்தைத் தள்ளினால் வீட்டையே தள்ளுவதாக அர்த்தம். அதனால் பட்டிப் பக்கமே போகாமல் இருந்தான். போகாமல் இருந்ததற்கும் ஊர் ஓர் அர்த்தம் சொன்னது. “இப்ப ஒரேயடியா ஓடிட்டான்” என்றது. அக்ரிப்பீனா அதைக் கேட்டு, அன்று கிளறிய கொப்பரையை அடிப்பிடிக்க விட்டாள் என்று நுன்சியோ சொன்னான். அவள் கொப்பரை அடிப்பிடித்ததாக அதற்குமுன் யாரும் கேள்விப்பட்டதில்லை.

திருவிழா வந்தது. உழவர்களின் புனிதரான இசிதோர் சிலையாக, காளைகளோடும் கலப்பையோடும் ஆட்களின் தோளேறி வெளியே வந்தார். முன்னால் பேண்டு. மேட்டுத் தெரு முடிந்து சாலை இறங்கும் இடத்தில் ஜெசுவால்தோ கொப்பரையை வைத்திருந்தான். வருடா வருடம் பேண்டுக்காரர்களுக்கு அங்கே ஆளுக்கொரு கிண்ணம். சுரூபம் நின்றது. அக்ரிப்பீனா முதல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மேஸ்த்ரோவைக் கடந்து, நுன்சியோவைக் கடந்து, நேராக ட்யூபாவின் முன்னால் வந்து நின்றாள். தெரு முழுக்கப் பார்த்தது.

லிபோரியோ காலையிலிருந்து கறுப்புக் காப்பி தவிர எதையும் தொடவில்லை. வயிற்றைக் கவனித்தான். நிசப்தம். பூசை முடிந்த கோயில் மாதிரி நிசப்தம். பிறகு அவளைப் பார்த்தான். இமையில் மணிகள் இருந்தன. சட்டென்று காது கொதித்தது. ஒரு ட்யூபாவையே நிரப்பும் மூச்சு ஒரு பொத்தான் துளையை நிரப்பக்கூடப் போதாமல் போனது. வயிறு சும்மாவே இருந்தது!

லிபோரியோ வாய்விட்டுச் சிரித்தான்.

“என்ன சிரிப்பு?” என்றாள்.

“வயிறு சும்மா இருக்குங்க!”

“நல்லது. கிண்ணத்தை வாங்குங்க, கை சுடுது.”

“வேண்டாம்.”

ஜெசுவால்தோ அடுப்படியிலிருந்து நிமிர்ந்தான். “என்னடா சொன்னே?”

“வேண்டாம்னேன். எனக்கு இது ஒத்துக்காது. பால் சர்க்கரையை வெட்டுற கத்திரி என் வயித்துல இல்ல. டாக்டரம்மா பையில பிடிச்சுக் காட்டினாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் ஓடினது இவங்களைப் பாத்து இல்ல. ரிக்கோத்தாவைப் பாத்து.”

“என் ரிக்கோத்தா மேலயா பழி போடுறே? ஊரே சாப்பிடுது!”

“அது மேல பழி இல்ல. என் குடல் மேல.”

யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு இருமல் வந்தது. நுன்சியோ. “அந்தக் கத்திரி... இல்லாதவங்களுக்கு முதல்ல வயிறு உப்புமா? அப்புறம் உருளுமா?”

“ஆமா. மேசை உருளுற மாதிரி.”

“எனக்கு அலமாரி” என்றான் நுன்சியோ, மிகத் தாழ்ந்த குரலில்.

“எனக்கும்” என்றார் பெரிய முரசுக்காரர். டிராம்போனில் ஒருவர் கை தூக்கினார். இன்னொருவரும் தூக்கினார். மேஸ்த்ரோ அவர்களை மாறி மாறிப் பார்த்தார்.

“இருங்கடா. வருஷா வருஷம் இந்த இடம் தாண்டினதும் துரித காலத்துல பிச்சு உதறுவீங்களே? பக்கத்து ஊர்லேருந்தெல்லாம் கேக்க வருவாங்களே? அது என் பயிற்சி இல்லையா?”

ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. “கோயில் பக்கம் ஒரு கழிப்பறை இருக்கு மேஸ்த்ரோ” என்றான் நுன்சியோ. “ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.”

முதலில் சிரித்தது அக்ரிப்பீனா. கிண்ணம் ஆடி, தெளிநீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது. சிரித்துக்கொண்டே உதறினாள். உதறிக்கொண்டே கேட்டாள். “அப்ப ஞாயித்துக்கிழமைதோறும் ‘ஒரு விஷயம்’னு ஆரம்பிப்பீங்களே, அது என்ன?”

“உங்களைக் கட்டிக்கணும்” என்றான் லிபோரியோ. மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தான். ட்யூபா ஊதிப் பழகிய நெஞ்சு, பள்ளத்தாக்கு வரை கேட்டது.

ஜெசுவால்தோ கரண்டியை நீட்டினான். “ரிக்கோத்தா சாப்பிடாதவன் இடையன் வீட்டு மாப்பிள்ளையா? அந்த மனுஷன் மூணு கிண்ணம் சாப்பிடுறாரு! இன்னிக்கு அவருக்கு நான் வார்த்தை குடுக்கணும்.”

“குடு. இல்லைன்னு ஒரு வார்த்தை குடு” என்றாள் அவள். “மூணு கிண்ணம் சாப்பிட்டாரு, நாலாவதும் கேட்டாரு. ஒருநாள் என் முகத்தைப் பாத்தாரா? நீ மாப்பிள்ளை தேடுறது எனக்கா, கொப்பரைக்கா?”

“எசமான்களே!” என்று சுரூபத்துக்கு அடியிலிருந்து ஒருவன் கத்தினான். “கல்யாணத்தை நடந்துகிட்டே பேசுங்க! காளை மாடு ரெண்டும் என் தோள்மேல நிக்குது!”

மேஸ்த்ரோ கோலைத் தூக்கினார். கிண்ணங்கள் எல்லாம் வரிசையாகச் சுவர்மேல் ஆறிக்கொண்டிருந்தன. ஊர்வலத்தில் பெண்கள் சுரூபத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோடு வருவதுதான் வழக்கம். அக்ரிப்பீனா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து அண்ணன் தோளில் போட்டாள். பின்னால் போகவில்லை. ட்யூபாவின் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னாலிருந்த பெண்களிடையே கசகசவென்று ஒரு பேச்சு எழுந்து, கடைசி மெழுகுவர்த்தி வரை ஓடியது. அதற்குமேல் ஒருவரும் எதையும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

“ஊது” என்றாள். ஊதுங்க என்று சொல்லவில்லை.

லிபோரியோ வாயை வைத்தான். காற்றுதான் வந்தது. மறுபடி வைத்தான். சிரிக்கிற உதட்டால் ட்யூபா ஊத முடியாது. உதடு குவிய வேண்டும், அவனுடையதோ இரண்டு காதையும் நோக்கி இழுத்துக்கொண்டு போனது. இழுத்துப் பிடித்துப் பார்த்தான், கடித்துப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் நேராகப் பார்த்து நடந்தாள். அது இன்னும் மோசம்.

மேஸ்த்ரோ திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோலை விளம்ப காலத்துக்கு இறக்கினார். வயிறு நிறையாத பேண்டு நிதானமாக நடந்தது. தூக்குகிறவர்கள் வழி நெடுக முனகினார்கள். அந்த வருடம் புனித இசிதோர் சந்தைத் தெரு முழுவதையும் ட்யூபாவின் அடிநாதம் இல்லாமலே கடந்தார்.